தொழிற்சாலைக்கான உப்பு: மாசைப் பாத்தியிலேயே தடுப்பதா, ஆலையில் கழுவுவதா, கரைத்து மீண்டும் படியவைப்பதா?

இந்தியாவின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பகுதிகளில் உப்பளம் நடத்துவோரிடமிருந்தும், அவர்களிடம் வாங்கும் ஆலைகளின் கொள்முதல் பிரிவினரிடமிருந்தும் ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது. உணவு உப்புக்கு உலர்நிலையில் 96 சதவீதம் சோடியம் குளோரைடு இருந்தாலே போதும். காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கும் ஆலையோ 99 சதவீதத்துக்கும் மேல் எதிர்பார்க்கிறது. இந்த இடைவெளியைக் கடக்க வாஷரி எனப்படும் கழுவும் ஆலையில் முதலீடு செய்வதா, பாத்தி முறையை மாற்றுவதா, உப்பைக் கரைத்து ஆவிக்கலத்தில் மீண்டும் படியவைப்பதா, அல்லது உள்ள உப்பையே விலை குறைத்துத் தந்துவிட்டு மீதியை வாங்குபவர் பொறுப்பில் விடுவதா என்பதே அந்தக் கேள்வி.

மாசு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது படிகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்த முடிவைத் தீர்மானிக்கிறது. ஆய்வறிக்கையில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு உப்புகளில் ஒன்றைக் கழுவினால் தேறிவிடும். மற்றொன்று எத்தனை முறை கழுவினாலும் தேறாது.

## முதலில் அளவுகோல்கள்

மாசின் இருப்பிடம். உப்பில் மாசு ஐந்து விதமாகத் தங்குகிறது. களிமண்ணும் மணலும் கரையாப் பொருளாகக் கலந்திருக்கும். ஜிப்சம் தனியான நுண்ணூசிப் படிகங்களாக உப்பு மணிகளுக்கு இடையிலும், சில நேரம் மணிக்குள் புதைந்தும் இருக்கும். மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் பெரும்பாலும் மணியின் மேல் ஒட்டிய தாய்க்கரைசலின் (படிகம் எந்த நீரில் வளர்ந்ததோ அந்த உப்புநீரின்) ஈரப்படலத்தில் இருக்கும். அதே தாய்க்கரைசல், படிகம் வேகமாக வளர்ந்தபோது உள்ளே சிறைப்பட்ட நுண்குழிகளிலும் இருக்கும். ஐந்தாவது வகை மாசு படிகக் கட்டமைப்பிலேயே இடம்பிடித்துக்கொள்வது: உப்பைப் பொறுத்தவரை குளோரைடின் இடத்தில் அமரும் புரோமைடுதான் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. மெக்னீசியமும் கால்சியமும் சோடியத்தின் இடத்தில் அநேகமாக அமர்வதில்லை என்பது நமக்கு வாய்த்த நல்லூழ். அமர்ந்திருந்தால் கழுவுதல் என்ற வழியே இல்லாமல் போயிருக்கும்.

வாங்குபவரின் செலவு. காஸ்டிக் ஆலையில் உப்புநீரை மின்சாரத்தால் பகுக்கும் மெம்பிரேன் செல்லுக்குள் செல்லும் உப்புநீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த உப்பளமும், எந்த வாஷரியும் அந்த அளவுக்கான உப்பைத் தர முடியாது. ஆகவே வாங்குபவர் எப்படியும் தம் ஆலையில் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட்) காஸ்டிக்கும் சேர்த்து மாசைப் படியவைத்து, வடிகட்டி, அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாகவும் அனுப்பத்தான் வேண்டும். நல்ல உப்பு அவருடைய சுத்திகரிப்பை நீக்குவதில்லை, அதன் செலவைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பது வெறும் மூலக்கூற்று எடைக் கணக்கு: ஒரு கிலோ கால்சியத்துக்கு 2.65 கிலோ சோடா ஆஷ். ஒரு கிலோ மெக்னீசியத்துக்கு 3.3 கிலோ காஸ்டிக். சல்பேட்டைப் பேரியம் குளோரைடால் நீக்குவதானால் ஒரு கிலோவுக்கு (இரு நீர் மூலக்கூறுகள் கொண்ட வடிவில்) 2.5 கிலோவுக்குச் சற்று மேல். எடுத்துக்காட்டாக, 0.2 சதவீதம் கால்சியம், 0.1 சதவீதம் மெக்னீசியம், 0.5 சதவீதம் சல்பேட் உள்ள ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 5.3 கிலோ சோடா ஆஷ், 3.3 கிலோ காஸ்டிக், 12.7 கிலோ பேரியம் குளோரைடு தேவைப்படும்; 19 கிலோவுக்கு மேல் உலர் எடையுள்ள கசடும் மிஞ்சும். இவற்றின் விலையும் கசடை அகற்றும் செலவும்தான், சுத்தமான உப்புக்கு அவர் கூடுதலாகத் தரக்கூடிய தொகையின் உச்சவரம்பு. விலை பேசும் முன் இரு தரப்பும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

உப்பு இழப்பு, நன்னீர், கழிவுநீர், தொழில்நுட்பக் கவனிப்பு ஆகியவை மற்ற அளவுகோல்கள். தூத்துக்குடி போன்ற இடத்தில் நன்னீரின் அருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

## இருப்பிடத்தைக் கண்டறியும் சோதனை

இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே அம்பாரத்தின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் பங்கை அப்படியே ஆய்வு செய்ய வேண்டும். இரண்டாம் பங்கை, தூய உப்பால் தயாரித்த பூரித உப்புநீரில் (மேலும் உப்பு கரைய முடியாத அளவுக்குச் செறிந்த நீரில்) விரைவாக அலசி, வடித்து ஆய்வு செய்ய வேண்டும். மூன்றாம் பங்கை அரை மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைத்து, அதே போல அலசி ஆய்வு செய்ய வேண்டும். முதலுக்கும் இரண்டுக்கும் இடையே குறைந்த மெக்னீசியம் ஈரப்படலத்தில் இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே குறைந்தது உள்ளே சிறைப்பட்டிருந்தது.

கரையாப் பொருளை எடை போடும்போது ஓர் எச்சரிக்கை: ஜிப்சம் நீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவில்தான் கரையும். குறைந்த நீரில் உப்பைக் கரைத்து வடிகட்டினால் கரையாத ஜிப்சமும் வடிதாளில் தங்கி, களிமண்ணாகக் கணக்கில் ஏறிவிடும். அந்த அறிக்கையை நம்பிப் பாத்தித் தரையைச் சீரமைக்கச் செலவிடுவது வீண்.

இன்னும் எளிய அறிகுறியும் உண்டு. திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் கல் உப்பு படபடவென வெடிப்பது, உள்ளே சிறைப்பட்ட நீர் ஆவியாகி மணியைப் பிளப்பதால்தான். கண்ணாடி போலத் தெளிந்த மணி குறைவாகவும், பால் போல வெளுத்த மணி அதிகமாகவும் வெடிக்கும். உப்பின் வெண்மையைத் தூய்மையின் அடையாளமாகச் சந்தை கருதுகிறது. படிகத்தைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் அதற்கு நேரெதிரானது.

## வழி 1: பாத்தியிலேயே கட்டுப்படுத்துதல்

கடல்நீர் வற்றும்போது உப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகின்றன. இந்த வரிசையை 1849-இலேயே வேதியியலாளர் உசிக்லியோ அளந்து வெளியிட்டார். முதலில் சுண்ணாம்புக் கார்பனேட், நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் கட்டத்தில் ஜிப்சம், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்போது, அதாவது நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியில் 25 டிகிரிக்குச் சற்று மேல், சாதாரண உப்பு. 30 டிகிரியை நெருங்கும்போது மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியத் தொடங்கும். இந்த வரிசையின் இரண்டு வாசல்களைக் காப்பதுதான் பாத்திக் கட்டுப்பாடு: ஜிப்சத்தின் பெரும்பகுதி படிவதற்கு முன் நீரை உப்புப் பாத்திக்குள் விடக் கூடாது, மெக்னீசியம் மிகுவதற்கு முன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இரண்டாவது வாசலின் பயனைக் கணக்காகவே காட்டலாம். 25.5 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே நீரின் கன அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது; படியாமல் கரைந்தே நிற்கும் மெக்னீசியத்தின் செறிவு மூன்று மடங்காகிறது. ஒரு டன் உப்பில் 50 கிலோ ஈரப்படலம் ஒட்டியிருப்பதாகக் கொண்டால், தொடக்க நிலை நீரில் வாரிய உப்பு சுமார் அரை கிலோ மெக்னீசியத்தைச் சுமந்து வரும். 30 டிகிரி நீரில் வாரிய உப்பு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சுமந்து வரும். கடல்நீரின் இயல்பான சேர்மானத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. தூத்துக்குடியில் பலர் பயன்படுத்தும் நிலத்தடி உப்புநீரின் சேர்மானம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அவரவர் நீரை ஆய்வு செய்து இந்த எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

படிகத்தின் வளர்ச்சி வேகமும் பாத்தியில்தான் தீர்மானமாகிறது. வெயிலும் காற்றும் கடுமையான பிற்பகலில் நீரின் மேற்பரப்பில் உள்ளீடற்ற கூம்பு வடிவப் படிகங்கள் மிதந்து வளர்ந்து, பாரம் கூடியதும் மூழ்கும். அவற்றின் குழிவுகளில் தாய்க்கரைசல் நிறைந்து, பின்னர் வளரும் அடுக்குகளால் மூடப்படும். ஆழம் கூடிய நீரில், பாத்தித் தரையில், நாள்பட வளரும் படிகம் கெட்டியான கனசதுரமாக இருக்கும். சில நாளுக்கு ஒருமுறை வாரும் சிறு பாத்திகளில் சிறிய, நீர் அடைபட்ட மணிகள் மிகுவதும், தடித்த படிவாக வளரவிட்டு எடுக்கும் பெரிய உப்பளங்களில் கெட்டி மணிகள் கிடைப்பதும் இதனால்தான். உயிரியலுக்கும் இதில் பங்குண்டு: சத்து மிகுந்த நீரில் பெருகும் ஒருசெல் நீலப்பச்சைப் பாசி சளி போன்ற பொருளைச் சுரந்து நீரைக் கொழகொழப்பாக்கினால், படிகங்கள் சிறுத்து, நீரடைப்பும் கூடும். பாசியைத் தின்னும் ஆர்ட்டீமியா இறால்கள் முந்தைய தேக்கங்களில் உயிரோடு இருப்பது உப்பின் தரத்துக்கு உதவுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. கசப்பு நீரை 30-க்குப் பதிலாக 28 டிகிரியில் வெளியேற்றினால் அதிலுள்ள உப்பும் உடன் போகும். அதே பரப்பில் விளைச்சல் குறையும். வாரும் இடைவெளியை நீட்டினால் பணம் கைக்கு வருவது தள்ளிப்போகும், எதிர்பாராத மழையில் முழுப் படிவும் கரையும் அபாயம் கூடும். கசப்பு நீரை உள்நீர் எடுக்கும் ஓடையிலேயே விட்டால் அது சுற்றி மீண்டும் தேக்கத்துக்கே வந்து சேரும். தனி வடிகால் வேண்டும். ஒவ்வொரு பாத்தியிலும் அன்றாடம் போமே மானி வைத்து அளந்து எழுதிவைக்கும் ஒழுங்கு வேண்டும். என் அனுபவத்தில் பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது இந்த ஒழுங்குதான்.

சல்பேட் மட்டுமே தலைவலியாக இருக்கும் உப்பளங்களுக்கு ஒரு துணைவழி உண்டு: உப்புப் பாத்திக்கு முந்தைய கட்டத்தில் கால்சியம் குளோரைடைச் சேர்த்து, சல்பேட்டை ஜிப்சமாகப் படியவைத்துவிடலாம். சோடா ஆஷ் ஆலையின் கழிவுநீரில் கால்சியம் குளோரைடு மிகுதி என்பதால் அதையே இதற்குப் பயன்படுத்தும் முறையைப் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அளவு மீறினால் கால்சியமே புதிய மாசாகிவிடும் என்பதால், நாள்தோறும் சல்பேட்டை ஆய்வு செய்ய முடியாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

## வழி 2: அம்பாரத்தில் வடியவிடுதல்

இது முதலீடு ஏறக்குறைய இல்லாத வழி. மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை ஈர்த்துக் கரையும். சோடியம் குளோரைடு 75 சதவீதம் வரை அப்படிச் செய்வதில்லை. கடலோரக் காற்றில் அம்பாரத்தின் ஈரப்படலம் மெல்ல நீர்த்து, மெக்னீசியத்தோடு கீழே வடிகிறது. முதல் மழை இந்த வேலையை விரைவுபடுத்தும்.

ஆனால் மழைக்கு மெக்னீசியத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கழுவத் தெரியாது; உப்பையும் சேர்த்தே கரைக்கும். வடகிழக்குப் பருவமழையை மூடாத அம்பாரம் தாங்காது. முதலிலேயே மூடினால் கழுவுதல் நடக்காது. அடியில் சரிவும் வடிகாலும் இல்லாவிட்டால் வடிந்த கசப்பு நீர் அடி அடுக்கிலேயே தேங்கி, அம்பாரத்தின் மேற்பகுதி ஒரு தரமாகவும் அடிப்பகுதி வேறொரு தரமாகவும் ஆகிவிடும். ஜிப்சமும் களிமண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கும். சில மாதங்கள் பணம் முடங்குவதைத் தாங்கக்கூடியவருக்கு, மெக்னீசியம் மட்டும் சற்று மிகுந்த உப்புக்கு, இது போதுமான வழி.

## வழி 3: கழுவும் ஆலை

வாஷரியில் உப்பு ஒரு திசையிலும் பூரித உப்புநீர் எதிர்த்திசையிலும் நகர்கின்றன. முடிவில் சிறிதளவு நன்னீர் தெளித்து, மையவிலக்கியில் நீரைப் பிரிக்கிறார்கள். ஈரப்படலத்திலுள்ள மெக்னீசியம் நன்றாகவே நீங்கும். களிமண்ணும் நுண்ணூசி ஜிப்சமும் கரைந்து நீங்குவதில்லை. எடை குறைந்த துகள்கள் என்பதால் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன. எனவே ஜிப்சத்தைப் பொறுத்தவரை நீரின் அளவைவிட ஓட்டத்தின் வேகமும் மணியின் அளவு வேறுபாடும் முக்கியம். உப்பும் நொய்யாக இருந்தால் ஜிப்சத்தோடு உப்பும் சேர்ந்து போய்விடும்.

மணிக்குள் சிறைப்பட்டது வெளிவர வேண்டுமானால் உப்பை ஈரநிலையில் அரைத்துப் பிறகு கழுவ வேண்டும். அரைப்பு நீரடைப்புகளைத் திறக்கும்; கூடவே நொய்யையும் பெருக்கி இழப்பைக் கூட்டும். மேலே சொன்ன சோதனையில் மூன்றாம் பங்கு இரண்டாவதைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தால் மட்டுமே அரைவை எந்திரத்துக்குச் செலவிட வேண்டும். விற்பனையாளரின் திட்டவரைவில் அது எப்போதும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

கழுவுநீரின் சுழற்சியில்தான் பெரிய மறைச்செலவு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு டன் உப்பும் ஒரு கிலோ மெக்னீசியத்தைக் கழுவுநீரில் விட்டுச்செல்வதாகக் கொள்வோம். அந்த நீரில் மெக்னீசியம் லிட்டருக்கு 10 கிராமைத் தாண்டக் கூடாது என்றால், டன்னுக்கு 100 லிட்டர் கழுவுநீரை வெளியேற்றியே தீர வேண்டும். லிட்டருக்கு 300 கிராம் உப்பு கொண்ட அந்த நீரோடு 30 கிலோ உப்பு, அதாவது 3 சதவீதம், வெளியே போகிறது. வரம்பை 5 கிராமாக இறுக்கினால் இழப்பு 6 சதவீதமாகிறது. நன்னீர்த் தெளிப்பு இதற்கு மேல்: ஒரு கிலோலிட்டர் நன்னீர் 350 கிலோவுக்கு மேல் உப்பைக் கரைத்துக்கொள்ளும். இழப்பைத் தவிர்க்கக் கழுவுநீரை மாற்றாமலே சுற்றவிடும் ஆலைகளில், பருவத் தொடக்கத்தில் நல்ல உப்பும் போகப் போகக் கழுவாததற்குச் சமமான உப்பும் வெளிவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாத்தியில் மெக்னீசியத்தைப் பாதியாகக் குறைத்தால் இந்த வெளியேற்றமும் பாதியாகும் என்பது இதே கணக்கிலிருந்து தெரியும். பாத்தி ஒழுங்கு இல்லாத இடத்தில் வாஷரி நடத்துவது மிக விலையுயர்ந்த வழி. உப்பளத்தை ஒட்டியே வாஷரி அமைந்தால் வெளியேற்றும் நீரைப் பாத்திக்கே திருப்பி உப்பை மீட்கலாம். ஆனால் அந்த நீர் கசப்பு நீர் வெளியேறும் கடைசிப் பாத்திக்குத்தான் போக வேண்டும், முதல் தேக்கத்துக்கு அல்ல.

பல சிறு உப்பளங்களின் உப்பைத் திரட்டி ஒரே தரமாக விற்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வணிகருக்கோ வாஷரி பொருத்தமானது. மாதிரிக்கு மாதிரி மாறும் தரத்தைச் சமன்படுத்துவதே அதன் உண்மையான பலம். தன் பாத்தியைத் தானே கட்டுப்படுத்தக்கூடிய தனி உரிமையாளருக்கு அந்தப் பலம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

## வழி 4: கரைத்து மீண்டும் படியவைத்தல்

உப்பை நீரில் கரைத்து, ரசாயனம் சேர்த்துக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நீக்கி, வெற்றிட ஆவிக்கலங்களில் மீண்டும் படியவைத்தால் 99.9 சதவீதத்தை எட்டலாம். களிமண், ஜிப்சம், சிறைப்பட்ட நீர் எல்லாம் கரைத்த கணமே தம் பழைய இருப்பிடத்தை இழந்துவிடுவதால், இந்த வழிக்கு இருப்பிடச் சோதனையே தேவையில்லை. படிகக் கட்டமைப்பில் நுழையும் புரோமைடுகூட ஓரளவு குறையும்.

இதன் விலை வெப்பம். பல வேதிப்பொருள்களைச் சூடான கரைசலைக் குளிர்வித்தே படியவைக்கலாம். உப்பு அதற்கு இணங்காது: நூறு கிராம் நீரில் 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 36 கிராமும், 100 டிகிரியில் 39 கிராமும் கரைவதால், குளிர்வித்தால் கிடைப்பது சொற்பம். நீரை ஆவியாக்கியே தீர வேண்டும். ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 2.8 டன் நீர். ஒரே கலத்தில் செய்தால் அதற்கு நிகரான நீராவி தேவை. ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் நான்கு கல அமைப்பில் டன்னுக்கு முக்கால் டன்னுக்கு மேல் நீராவி தேவைப்படும். வெயில் இலவசமாகச் செய்துமுடித்த வேலையை எரிபொருள் கொடுத்து இரண்டாம் முறை செய்கிறோம் என்பதை மறக்கலாகாது. தாய்க்கரைசலில் சல்பேட்டும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போவதால், இங்கும் ஒரு பகுதியை இடையறாது வெளியேற்ற வேண்டும். வெப்பப் பரப்புகளில் ஜிப்சம் பொறுக்குக் கட்டுவதைச் சுரண்ட ஆலையை நிறுத்த வேண்டிவரும்.

மருந்து, உயர்தர உணவு போன்ற சந்தைகளுக்கும், அருகில் மிகை நீராவி உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. மெம்பிரேன் செல் ஆலைக்கு உப்பு தருவதற்காக மட்டும் இதை அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஆலை உப்பை வாங்கியவுடன் மீண்டும் நீரில் கரைக்கத்தான் போகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாக நீக்குவது | நீக்காதது | மறைச்செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| பாத்திக் கட்டுப்பாடு | ஜிப்சத்தின் பெரும்பகுதி, மெக்னீசியம், நீரடைப்பு | புரோமைடு | விளைச்சல் குறைவு, மழை அபாயம், அன்றாட அளவீடு | தன் பாத்திகளைத் தானே நடத்துபவர் |
| அம்பாரத்தில் வடித்தல் | ஈரப்படல மெக்னீசியம் | ஜிப்சம், மண், நீரடைப்பு | பணம் முடங்குதல், மழையில் கரைதல் | காத்திருக்க முடிந்தவர் |
| வாஷரி | ஈரப்படலம், மண், தனித்த ஜிப்சம் | அரைக்காவிட்டால் நீரடைப்பு. புரோமைடு | கழுவுநீரோடு உப்பு இழப்பு, நன்னீர் | பலரின் உப்பைத் திரட்டுபவர் |
| கரைத்து மீள்படியவைத்தல் | அநேகமாக எல்லாம் | புரோமைடின் ஒரு பகுதி | நீராவி, பொறுக்கு, தாய்க்கரைசல் வெளியேற்றம் | உயர்விலைச் சந்தை உள்ளவர் |

உள்ள உப்பை விலை குறைத்து விற்பதும் மதிப்புள்ள வழிதான். வாங்குபவரிடம் போதிய சுத்திகரிப்புத் திறன் இருந்து, அவர் கேட்கும் தள்ளுபடி மேற்சொன்ன ரசாயனக் கணக்கைவிடக் குறைவாக இருந்தால், உற்பத்தியாளர் ஒரு ரூபாயும் முதலீடு செய்ய வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தில் தரத்தை எப்படி எழுதுவது என்பது எல்லா வழிகளுக்கும் பொதுவானது. சோடியம் குளோரைடு இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதினால், ஒரு சதவீத மாசு மணலா மெக்னீசியமா என்பது மறைந்துவிடுகிறது. மணல் வடிகட்டியில் நின்றுவிடும், மெக்னீசியம் காஸ்டிக்கைத் தின்னும். கால்சியம், மெக்னீசியம், சல்பேட், கரையாப் பொருள் ஆகிய நான்கையும் உலர்நிலைக் கணக்கில் தனித்தனியே எழுத வேண்டும். கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள விகிதத்தையும் கேட்பது வாங்குபவருக்கு நல்லது: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கூழ் போன்றது, கால்சியம் கார்பனேட் அதைவிட இரு மடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் கசடு ஒழுங்காகப் படியும். நான்கு எண்களும் கையில் இருந்தால், எந்த மாசுக்கு எந்த வழியில் எவ்வளவு செலவிடலாம் என்பதை உற்பத்தியாளரே அடுத்த பருவம் தொடங்கும் முன் கணக்கிட்டுவிடலாம்.